ஆளில்லாக் கரண்ட்

ஒரு பிடி உப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கிழக்கே கடலைப் பார்த்து நின்று சொல்லப்படுவது இது. இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எதுவும் கூட்டிச் சொல்லப்படவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது, முழுசாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால். தூத்துக்குடியில் உப்பின்மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்கு ஏழு வருஷம் நாக்கில் உப்புச் சுவை தெரியாது. மட்டக்கடைப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தார். கருவாட்டைப் பாயசம் என்று சாப்பிட்டே செத்துப்போனார்.

தங்கப்பழம் எலக்ட்ரீஷியன். இந்த விஷயம் நடந்தபோது அவருக்கு அறுபத்துமூன்று வயது. ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் என்பதைவிட, ஊரில் எல்லா வீடுகளிலும் லைட்டை அணைத்தவர் என்றால்தான் அடையாளம் தெரியும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிவதை அவரால் பார்க்க முடியாது. கஞ்சத்தனம் என்று அதைச் சொன்னால் பாவம். பக்கத்து வீட்டுத் துஷ்டிக்குப் போனாலும் பின்கட்டுக்குப் போய் ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்து துக்கம் கேட்பார். "கரண்ட்டுங்கது ஓடுத சாமான்வே. அது யாருக்காவது ஓடணும். யாருக்கும் இல்லாம ஓட விடுதது அதை அசிங்கப்படுத்துத மாதிரி" என்பார்.

தன் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சைப் போட்டவர், மற்ற இரண்டையும் அக்கா போட்டு முடிப்பதற்குள் எழுந்துபோய், காலியாகக் கிடந்த பந்திக் கூடத்தில் எரிந்த நாலு டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு வந்து மறுபடி மணையில் உட்கார்ந்தார். மேளக்காரர் கொட்டி முழக்கியதை நிறுத்தவில்லை. பொண்ணு ராஜக்கனி மட்டும் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்தாள். ஒருதரம்தான். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொருதரம் படகு பிடித்து முயல் தீவுக்குப் போய், கப்பலே கண்ணில் படாத நேரத்திலும் கலங்கரை விளக்கத்தை எதற்கு எரிய விடுகிறீர்கள் என்று அங்கிருந்தவரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். டீயைக் குடித்துவிட்டு இறங்கும்போது படிக்கட்டு லைட்டு நாலை அணைத்துவிட்டுத்தான் தங்கப்பழம் படகேறினார்.

இப்படிப்பட்டவரோடு குடித்தனம் செய்த ராஜக்கனி ஒருநாள் சாயங்காலம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜாக்கெட் தைக்கிற தொழில். நூல் நுனி ஊசிக் காதுக்கு அடங்கவில்லை. கண்ணாடி எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் முன்னறை கும்மிருட்டு. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் கண்ணாடி, நடுவில் ராஜக்கனி.

"நான் இப்ப இங்கதான இருந்தேன்?"

"எந்திரிச்சுப் போயிட்டியே" என்றார் தங்கப்பழம்.

"நான் ஒரு ரூம விட்டு எந்திரிச்சாப் போதும், அங்க ஆளே இருந்ததில்லன்னு ஆக்கிப்போடுதீய. திரும்பி வருவாளேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சிருக்கீயளா?"

தங்கப்பழத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. வந்தால் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, சுவிட்ச் எங்கே ஓடிப்போகிறது? அதைத்தான் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் ராஜக்கனி தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றினாள், டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள், போய்விட்டாள். ஆட்டோ முக்கு திரும்புகிறவரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்த தங்கப்பழம், அவள் கிளம்பிய அறையில் எரிந்த லைட்டை அணைத்தார். கை செய்த வேலை. அணைத்த பிறகுதான் அவருக்கு முதன்முதலாக என்னவோ போல் இருந்தது.

அவள் வாடகைக்குப் போனது சேவியர் வளவுக்கு. சேவியர் ரிட்டயர்டான டிராயிங் வாத்தியார். கீழே வரிசையாக நாலு வீடு, மேலே இரண்டு, நடுவில் முற்றம். ராஜக்கனிக்குக் கீழே மூன்றாவது வீடு. இதெல்லாம் தங்கப்பழம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஊர்க்காரர்கள் கேட்காமலே சொன்னார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. சமாதானம் பேச ஆளில்லை. ஒரு வருஷமும் இரண்டு மாசமும் போயின. அவராகப் போகவில்லை. அவளாக வரவில்லை.

அப்போதுதான் ஊருக்குக் கரண்ட்டை மிச்சம்பிடிக்கிற திட்டம் வந்தது.

வீட்டுக்கு வீடு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கிளாம்ப் மாட்ட வேண்டும். பார்ப்பதற்கு மோதிரப் பெட்டி மாதிரி இருக்கும். வாயைப் பிளந்து, உள்ளே போகிற வயரைக் கவ்வ வைத்து, டக்கென்று மூடினால் முடிந்தது. வயரை வெட்ட வேண்டாம், சீவ வேண்டாம். அதன் முதுகில் ஒரு அம்புக்குறி உண்டு, அது வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். வயரில் எவ்வளவு ஓடுகிறது என்று அது தொட்டுப் பார்க்காமலே எண்ணிச் சொல்லும். எல்லா கிளாம்ப்பும் காற்றிலேயே ஒன்றோடொன்று பேசி, ஊர்க் கணக்கை ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மாட்டுவதற்கு உள்ளூர் எலக்ட்ரீஷியன்களைத் திட்டத்தில் எடுத்தார்கள். தங்கப்பழத்தை முதல் ஆளாக எடுத்தார்கள்.

வேலையைச் சொல்லிக்கொடுக்க வந்தவள் மெஹர்பானு. மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயசு இருக்கும், எதையும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள்.

"அண்ணாச்சி, இது யூனிட் எண்ணுத வேலைக்கு வந்ததில்ல. அதுக்குத்தான் மீட்டர் இருக்கே. இது வேற ஒண்ணு கண்டுபிடிக்கும்" என்றாள்.

"என்னத்த?"

"ஆள் இருக்கா இல்லையான்னு."

தங்கப்பழம் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஃபேன் ஓடுது. அடியில ஒரு ஆள் உக்காந்திருக்காருன்னு வைங்க. காத்து அவர் மேல பட்டுத் திரும்பும். அதுல ரெக்கை ஒரு மயிரிழை தடுமாறும், கரண்ட்டும் ஒரு மயிரிழை தடுமாறும். லைட்டுக்குக் கீழ நீங்க நடந்தா வெளிச்சம் பட்டுத் திரும்புறதுல பல்புக்குச் சூடு மாறும். நமக்குத் தெரியாது. செகண்டுக்கு லட்சம் தடவ எண்ணுத கிளாம்ப்புக்குத் தெரியும். ஆள் இருக்கிற கரண்ட் சொரசொரன்னு இருக்கும். ஆள் இல்லன்னா வழவழன்னு ஓடும்."

"ஆளில்லாக் கரண்ட்" என்றார் தங்கப்பழம் மெதுவாக.

"நல்ல பேரா இருக்கே. நாங்க அதுக்கு ஒரு முழ நீளத்துல பேர் வச்சிருக்கோம்."

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், நாப்பது வருஷமா நான் கையால செஞ்ச வேலை. ஊரே சிரிச்சிச்சு. இப்பம் மிஷினு வந்து நான் சொன்னது சரின்னு சொல்லுதே."

மெஹர்பானு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"வீட்டுல ஆளில்ல" என்றார் தங்கப்பழம்.

சேவியர் வளவு அவர் பங்குத் தெருவில்தான் வந்தது. ராஜக்கனி பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிற பதினோரு மணியாகப் பார்த்துப் போனார். நடையில் பலகை அடித்து மீட்டர்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து வயரிங், எந்த வயர் எங்கே போகிறது என்று வைத்தவனுக்கே மறந்திருக்கும். மேலேயிருந்து சேவியர் எட்டிப் பார்த்தார்.

"தங்கப்பழமா? வாரும்வே. எந்த மீட்டர் எந்த வீட்டுக்குன்னு வந்து சொல்லட்டா?"

"எனக்கா? இந்த ஊர் வயரெல்லாம் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. நீரு போய்ப் படும்வே."

சொல்லவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லுவார். இவர் முகம் ஒருமாதிரி ஆகும். வாத்தியாருக்கு வாய் நீளம், ஊர் முழுக்கப் போகும். மூன்றாவது வீடு, மூன்றாவது மீட்டர். ஒரு தொழில்முறை உண்டு: மெயினை ஒரு நொடி அணைத்து, எந்த வீடு இருண்டது என்று பார்த்துவிட்டு மாட்டுவது. மூன்றாவது மெயினில் கையை வைத்தார். அந்த வீட்டை இனியும் ஒருதரம் தன் கையால் இருட்டாக்குவதா? கையை எடுத்துவிட்டார். வாழ்நாளில் தங்கப்பழம் அணைக்காமல் விட்ட முதல் சுவிட்ச் அதுதான் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கிளாம்ப்பைக் கவ்வ வைத்து, அம்புக்குறியைச் சரிபார்த்து, போனில் ஒற்றை விரலால் பதிந்தார்: ராஜக்கனி. வசிப்பவர் ஒருவர்.

மாட்டின ஆளுக்கு, மாட்டின வீட்டில் கரண்ட் ஏறி இறங்குவதைக் காட்டுகிற கோடுகளைப் போனில் பார்க்க ஒரு மாசம் அனுமதி உண்டு, பழுது இருந்தால் தெரியவேண்டும் என்பதற்காக. அந்த மாசம் முடிந்ததும் மெஹர்பானு அவர் பெயரில் அதை இன்னும் நீட்டித்துக் கொடுத்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தினமும் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின நாள் கோட்டைப் படிப்பார். மற்றவர்கள் தினசரி படிக்கிற மாதிரி. நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. நூற்றுமுப்பது வீட்டுக் கோடு அவர் போனில் இருந்தது. ஒன்றைத்தான் படித்தார்.

இல்லாததைத்தான் முதலில் விரல்விட்டு எண்ணினார். மிக்ஸி இல்லை. கிரைண்டர் இல்லை. அப்படியானால் அவள் சமைப்பதே இல்லை. ஃபேன் இல்லை, இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் படுக்கிறாள். தையல் மோட்டார் ஓடவில்லை. கண் மங்கிவிட்டதோ, என்னவோ. விடிகாலை ஐந்து மணிக்கு மட்டும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஒரு பெரிய இழுப்பு. வெந்நீர்தான். மூட்டு வலி இருக்கும். இவர் வீட்டில் இருந்தவரை ஹீட்டரைக் கண்ணில் காட்டியதில்லை. இருந்திருந்து அந்த ஒரு சுகத்தையாவது அனுபவிக்கட்டும் என்று நினைத்தபோது, டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்களா என்று கடைக்காரரைக் கேட்டார். போட்டிருந்தார்கள்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்று இருந்தது. மாலை ஆறு மணிக்கு ஒரு பல்பு எரியத் தொடங்கும். காலை ஆறு மணி வரை எரியும். ஒருநாள் தவறியதில்லை. அந்த வெளிச்சத்தில் கரண்ட் வழவழவென்று ஓடியது. அடியில் ஆளில்லை. ஆனால் இடையிடையே, ஒன்பதரை வாக்கில் ஒரு நிமிஷம், பத்தேகாலுக்கு ஒரு நிமிஷம், சொரசொரவென்று ஆகும். பிறகு மறுபடி வழவழ.

தங்கப்பழம் அந்த ஒரு நிமிஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உள்ளே படுத்திருப்பவள் எழுந்து முன்னறைக்கு வருகிறாள். பல்புக்கு அடியில் நின்று வாசல் கதவைப் பார்க்கிறாள். போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஆள் இல்லாத அறையில் இரவெல்லாம் ஒரு லைட்டு எரிகிறதென்றால் அது யாருக்கு?

வரப்போகிற ஆளுக்கு.

அறுபத்துமூன்று வயசில் தங்கப்பழத்துக்கு அது விளங்கியது. பெஞ்சிலிருந்து எழுந்தவர் வேட்டியைத் தப்பாக மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

மெஹர்பானுவுக்கும் அந்தக் கோட்டைக் காட்டினார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அண்ணாச்சி, இது வீடு மாதிரியே தெரியலையே."

"ஒங்களுக்கு அவளைத் தெரியாது மேடம்" என்றார் தங்கப்பழம்.

புரட்டாசியில் பத்து நிமிஷ விதி வந்தது. ஆளில்லாக் கரண்ட் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடினால் மீட்டர் அந்த வீட்டு லைனையே அணைத்துவிடும். யாராவது எழுந்துபோய் மீட்டரில் இருக்கிற பொத்தானை அழுத்தினால்தான் திரும்ப வரும். ஃபிரிட்ஜ், மோட்டார், வைத்தியச் சாமான் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. விளக்குக்கு இல்லை. தெருத் தெருவாக அமுல்படுத்திக்கொண்டு வந்தார்கள்.

ஊர் என்னவெல்லாம் ஆனது என்பதைக் குறைத்தே சொல்லலாம். செத்துப்போன அப்பா படத்துக்கு மாட்டியிருந்த சிவப்பு பல்பு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வீட்டையே இருட்டாக்கியது. பிள்ளைகள் முறைவைத்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவரோடு யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. திருடன் வராமல் இருக்க ரேடியோவைப் பாடவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள், ரேடியோ கேட்க ஆள் வைத்துவிட்டுப் போனார்கள். மாமியார்களுக்குத் திடீர் மரியாதை வந்தது. எந்த அறையில் லைட்டு வேண்டுமோ அந்த அறைக்கு மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். ஒரு வீட்டில் ஆளுக்குப் பதிலாக ஆட்டைக் கட்டிப் பார்த்தார்கள். கிளாம்ப் நாலு நாள் ஏமாந்தது. ஐந்தாம் நாள் அந்த வீட்டில் ஒரு ஆடு வசிப்பதாகப் பதிந்துகொண்டது.

திரேஸ்புரத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கடலுக்குப் போய் எட்டு வருஷமாகத் திரும்பாத மகனுக்காக ஒரு அம்மா வாசலில் லைட்டுப் போட்டு வைப்பாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அது அணைந்தது. அவள் எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்கினாள். பத்து நாள் அமுக்கினாள். பிறகு லைட்டுக்கு அடியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டத்தின் கணக்கில் அந்த வீட்டில் ஆளில்லாக் கரண்ட் முழுசாக ஒழிந்தது என்று பதிவாகி, தெருவுக்கே பாராட்டு வந்தது.

அந்த அம்மா வீட்டுக்கும் கிளாம்ப் மாட்டியது தங்கப்பழம்தான். பாராட்டுக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்து விட்டார்கள். வாசல் வரை போய், நாற்காலியைப் பார்த்துவிட்டு, கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

சேவியர் வளவுத் தெருவுக்கு விதி வருகிற நாள் திங்கட்கிழமை என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை தங்கப்பழம் மெஹர்பானுவின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு வீட்டுக்கு விலக்கு வேணும் மேடம்."

"எந்த வீடுன்னு தெரியும். என்ன காரணம் போடட்டும்?" அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "நோயாளி இருக்காங்களா?"

"இல்ல."

"காவல் தேவை?"

"இல்ல."

"வேற காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லுங்க."

"காத்துக்கிட்டு இருக்கா."

மெஹர்பானு அதை அப்படியே எழுதினாள். எழுதியதும் கீழே இரண்டு கட்டம் புதிதாகத் திறந்தது. "யாருக்காகன்னு கேக்குது அண்ணாச்சி. எப்ப வருவாங்கன்னும் கேக்குது. தேதி போடாம உள்ள போகாது."

தங்கப்பழம் அந்த இரண்டு கட்டத்தையும் எட்டிப் பார்த்தார்.

"ஒங்க பேரைப் போட்டு நாளைக்கின்னு போடட்டுமா?"

"நாளைக்கின்னு போட்டுட்டு நான் போய், அவ 'எதுக்கு வந்தீய'ன்னு கேட்டுட்டான்னா?"

"கேட்டா பதில் சொல்லுங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா அவ கேட்ட எதுக்கும் நான் சரியாப் பதில் சொன்னதில்ல மேடம்."

மெஹர்பானு கட்டத்தை மூடினாள். "எங்க வீட்டுக்காரர் ரியாத்துல இருக்காரு. அவரு போன் பேசுத நேரத்துக்கு நான் வராண்டா லைட்டப் போட்டு வைப்பேன். போன் பேச வராண்டா லைட்டு எதுக்கு? தெரியாது. நாங்க போட்ட விதி, இப்ப எனக்கே அணையுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கிளாம்ப் ஒரு வயரைக் கவ்வுனாத்தான் எண்ணும். போற வயரு, திரும்புற வயரு ரெண்டையும் சேத்துக் கவ்வுனா ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டு சைபர்னு காட்டும். அந்த வீடு காலின்னு எடுத்துக்கிடும். காலி வீட்டை எதுவும் அணைக்காது. இத நான் ஒங்களுக்குச் சொல்லல."

"எனக்கும் சைபர்தான காட்டும்?"

"ஒங்களுக்கும்தான்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்கப்பழம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடினால் அவள் விளக்கு பிழைக்கும், அவருக்கு அவள் இல்லாமல் போவாள். இன்னொருதரம். திறந்தே விட்டால் திங்கட்கிழமை முதல் அவள் இருட்டில் எழுந்து எழுந்து பொத்தானை அமுக்குவாள். அமுக்கி அலுத்து ஒருநாள், யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சேவியர் வளவு நடையில் நின்று மூன்றாவது கிளாம்ப்பின் வாயைத் திறந்தார். போகிற வயரோடு திரும்புகிற வயரையும் சேர்த்து வைத்தார். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூடினார். போனில் கோடு விழுந்து தரையோடு படுத்தது.

"இங்கயும் அணைக்க வந்தீயளா?"

பின்னால் ராஜக்கனி நின்றாள். கையில் அளவு டேப்பு. முடி நன்றாக நரைத்திருந்தது.

"இல்ல. எரியட்டும்னு வந்தேன்."

"அது என்ன பெட்டி?"

தங்கப்பழம் பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய், ஆனால் அன்றைக்கு அவர் சொல்லவில்லை. "வீட்டுல நீ எது போடுத, எது அணைக்குதன்னு இதுல தெரியும். மூணு மாசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். இனிமே தெரியாது. மூடிட்டேன்."

"என்னைய வேவு பாத்தீயளா?"

"ஆமா."

ராஜக்கனி டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "போலீசுல சொல்லிப் பிடிச்சுக் குடுக்கலாம் ஒங்கள."

"குடு."

"குடுத்தா ஸ்டேசன்ல போய் லைட்ட அணைப்பீய. அப்படி என்னத்தப் பாத்தீய?"

"நீ ஃபேன் போடாமப் படுக்குத."

"யாரு, நானா? காத்து இல்லாம எனக்குக் கண்ணு மூடாதே."

தங்கப்பழம் தலையை ஆட்டிக்கொண்டார். கஷ்டத்தை வெளியே சொல்லுகிற ஜாதி இல்லை அவள், என்றைக்குமே இல்லை. "சமைக்கவே மாட்டேங்குத. மிக்ஸி ஓடல."

"நேத்துகூட சாளைக் குழம்பு வச்சேன். கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

"விடியக்காலம் வெந்நீர்ல குளிக்குத."

"இந்த வெக்கையிலயா!" ராஜக்கனி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஐந்து மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூச்சப்படுகிறாள் என்று தங்கப்பழம் எண்ணிக்கொண்டார். இராத்திரி லைட்டைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. கேட்டால் அதையும் இல்லை என்பாள். அது ஒன்றை அவள் இல்லை என்று சொல்லிக் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

"வேர்த்து ஊத்துது. உள்ள வந்து உக்காருங்க, காப்பி போடுதேன்" என்றாள்.

முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். தையல் மெஷின், வெட்டுத் துணி, ஸ்டூலின்மேல் கண்ணாடிக் கூடு. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. உட்கார்ந்து கேட்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். போகும்போது சுவிட்சைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டினார். காலி நாற்காலிக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த ராஜக்கனி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போய், டக்கென்று அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஆளில்லாத எடத்துல என்னத்துக்கு ஓடுது?" என்றாள். சொன்ன பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வீட்டுக்கு வா."

"வர மாட்டேன்." பால் பொங்கியது. அடுப்பைத் தணித்தாள். "எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. ஒங்களுக்கு வேணும்னா சாயங்காலம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை வராதீய. கோயிலுக்குப் போவேன்."

அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாள் தங்கப்பழம் சாயங்காலம் போகிறார், காப்பி குடிக்கிறார், எட்டு மணிக்குள் திரும்புகிறார். கிளம்புகிறபோது அவள் வாசல் வரை வருவாள். இருக்கச் சொன்னதில்லை. காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தரையோடு கிடக்கும் மூன்றாவது கோட்டை இன்னும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறார். அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்கு அடியில் ஒரு பல்பு அவருக்காக எரிகிறது, அது அவருக்கும் கிளாம்ப்புக்கும் மட்டும் தெரியும்.

அவருடைய சொந்த வீட்டு கிளாம்ப்பை அவர் தொடவில்லை. அவள் எழுந்துபோன முன்னறையில் லைட்டைப் போட்டு வைத்துவிட்டுத்தான் எங்கேயும் கிளம்புகிறார். பத்தாவது நிமிஷம் வீடு இருண்டுவிடும். வந்து பொத்தானை அமுக்கிவிட்டு, மறுபடி லைட்டைப் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுக்கிறார். பத்தாவது நிமிஷம் எழுந்து வருகிறார். ஊரிலேயே ஆளில்லாக் கரண்ட் அதிகம் ஓடுவது எலக்ட்ரீஷியன் தங்கப்பழம் வீட்டில்தான் என்று மாதாமாதம் நோட்டீஸ் வருகிறது. மெஹர்பானு ஒவ்வொன்றாக வாங்கிக் கிழித்துப்போடுகிறாள்.

சேவியர் வளவில் மூன்றாவது மீட்டர், மாடிப்படி பல்புக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கும் உள்ளது. அதிலிருந்து எந்த வீட்டுக்கும் வயர் போகவில்லை.